பெயர்ப்பலகையில் இல்லாத நாருமி டீச்சர்

அக்டோபர் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பாடவேளையில் நாருமி டீச்சர் இரண்டு பேர் ஆனார். அன்று நாமிசாக்கி துறைமுகத்தில் கானாங்கெளுத்தி கிலோ அறுநூறு யென்னுக்குப் போனது. கடலில் அலை இல்லை. அதே வருஷம் ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்பு தேஷிமா வாத்தியார் பள்ளி வாசல் வரை வந்து, உள்ளே கால் வைக்க முடியாமல் மழையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மருத்துவ விடுப்பில் போயிருந்தார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. தலைமை ஆசிரியர் குராமோச்சி கல்வி அலுவலகத்தைக் கேட்கவும் இல்லை. கேட்டால் உங்கள் பள்ளியில் மட்டும் ஏன் ஆள் விழுகிறது என்று திருப்பிக் கேட்பார்களே! ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. "எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தோள் குடுப்போம்" என்று காலைக் கூட்டத்தில் சொன்னார். தோள் கொடுத்தது நாலாம் வகுப்பு நாருமி டீச்சர் ஒருத்திதான்.

நாலும் ஐந்தும் எதிரெதிர் அறைகள். இங்கே எழுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு அங்கே ஓடுவார், அங்கே கணக்கு கொடுத்துவிட்டு இங்கே ஓடுவார். நாலு மாதம் இப்படி ஓடியதில் அவருக்கு ருசி போனது, பிறகு தூக்கம் போனது, கடைசியில் அழுகையும் வராமல் போனது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நடைபாதையின் நடுவில் இருந்தபோது, இந்தப் பக்கம் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது, அந்தப் பக்கம் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். "டீச்சர்!" என்ற கூச்சல் இரண்டு வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அவர் இரண்டு பக்கமும் திரும்பினார். இரண்டு பக்கமும் போனார்.

குராமோச்சிக்கு ஆச்சரியம் அரை நிமிஷம், நிம்மதி ஆறு மாதம். அன்று மத்தியானமே அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து எங்கள் பள்ளியில் காலியிடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது நாருமிக்குப் பதிவேட்டில் வரி கிடையாது, சுவரில் பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் செருப்பு மாடமும் கிடையாது. ஆகவே விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் பச்சை ஸ்லிப்பரை மாட்டிக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். மதிய உணவும் ஒரு தட்டுதான் வந்தது. பொரித்த மீனையும் பாலையும் இருவரும் பாதி பாதியாகச் சாப்பிட்டார்கள். தினமும் காலை ஆறரைக்குப் பள்ளியைத் திறக்கும் உதவித் தலைமை ஆசிரியர் இசோபே, வாயைத் திறக்காத மனிதர், தன் தயிர்க் கிண்ணத்தை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போவார். ஊரும் சீக்கிரம் பழகிக்கொண்டது. கடைத்தெருவில் பெற்றோர் ஒருத்தி அவர்களைப் பார்த்து, "ரெண்டு பேரா ஆயிட்டீங்களே டீச்சர், எவ்ளோ வசதி! அப்ப ஞாயித்துக்கிழமை கைப்பந்துப் பயிற்சியையும் நீங்களே பாத்துக்கலாமே?" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கொடுமை.

நவம்பரில் பள்ளிச் செவிலி எடை பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. வசந்தத்தில் ஐம்பத்தொரு கிலோ இருந்த நாருமி டீச்சர் இப்போது ஆளுக்கு இருபத்தைந்தரை கிலோ. கடற்காற்று அடிக்கிற நாட்களில் இருவரும் கைகோத்துக்கொண்டு, பையில் பாடப்புத்தகங்களை அடைத்துப் பாரம் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். பனிக்காலம் அப்படியே கழிந்தது.

மார்ச்சில் இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். குராமோச்சி நாருமிகள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரே ஒரு கோப்பையில் தேநீர் வைத்தார். "ஏப்ரல்ல இருந்து இன்னொருத்தர் தேவைப்படுது. நீங்க ஏற்கெனவே செஞ்ச காரியம்தானே நாருமி டீச்சர், கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்" என்றார். ஐம்பத்தொன்றை மூன்றால் வகுத்தால் பதினேழு. நாலாம் வகுப்புப் பிள்ளைகளே மனக்கணக்காகப் போடுவார்கள். பதினேழு கிலோ மனுஷி ஏப்ரல் காற்றில் பள்ளி வாசலைத் தாண்ட மாட்டாள், நேரே கடலுக்குத்தான் போவாள். பெயர்ப்பலகை உள்ள நாருமிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் பதினேழு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்து "ச..." என்றது. மீதி எழுத்து வருவதற்குள் பச்சை ஸ்லிப்பர் போட்டவள் முந்திக்கொண்டாள்.

"முடியாது சார்."

"இது உத்தரவு டீச்சர்."

"யாருக்கு உத்தரவு? என் பேரு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

குராமோச்சி பீரோவைத் திறந்து கோப்பு தேடினார். அவள் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, ஒரு ஆசிரியை கீழ்ப்படிய மறுக்கிறார் என்றார். ஊழியர் எண் என்ன என்று கேட்டார்கள். எண் இல்லை என்றார். அப்படியானால் அப்படி ஒருவர் இல்லையே சார், உங்களுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விசாரித்தார்கள். இல்லாத ஆளைக் கண்டிக்கவோ மாற்றல் செய்யவோ எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. மனுஷன் வேர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். ஸ்லிப்பர்க்காரி அந்தத் தேநீரைக் குடித்து முடித்து, "வா, வீட்டுக்குப் போலாம்" என்று மற்றவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மணி நாலே முக்கால். அந்த நேரத்தில் சாலையில் வெளிச்சம் இருக்கும் என்பதையே நாருமி மறந்திருந்தார்.

வசந்த விடுமுறையில் ஒருத்தி தூங்கினாள், ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். பள்ளியிலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்புக்கும், "நாருமி டீச்சர் தூங்கறாங்க. எழுப்ப மாட்டேன்" என்ற ஒரே பதில்தான். ஐந்து நாள் தூங்கினாள். ஆறாம் நாள் காலை எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உப்பு ருசி தெரிந்தது. குனிந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். தட்டிக்கொடுக்க வந்தவள் பக்கத்தில் உட்காரவில்லை, அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கஞ்சியின் மீதியை ஒரே ஆள்தான் குடித்து முடித்தார்.

செய்தி குராமோச்சிக்கு எட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. அடங்காதவள் போய்விட்டாள், பெயர் உள்ளவள்தான் மிச்சம் என்பது அவர் கணக்கு. ஏப்ரல் முதல் தேதிக் கூட்டத்தில் வகுப்புப் பட்டியலை வாசித்தார். "நாலாம் வகுப்பு, நாருமி டீச்சர். ஐந்தாம் வகுப்பு, அதுவும் நாருமி டீச்சர்." மற்ற ஆசிரியர்கள் பதினொரு பேரும் மேசையைப் பார்த்தார்கள். நாருமி டீச்சர் எழுந்து நின்றார். இந்தத் தடவை அவருக்குப் பதிவேட்டில் வரி இருந்தது, ஊழியர் எண் இருந்தது, இழக்க ஒரு வேலையும் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் நெஞ்சில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"ஒரு வகுப்புதான் எடுப்பேன் சார்."

"யோசிச்சுப் பேசுங்க. கீழ்ப்படியலைன்னு எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க. நாருமி, நாலாம் வகுப்பு. காரணத்தையும் சேத்து எழுதுங்க, இந்தப் பள்ளிக்கூடத்துல ஆள் இல்லன்னு. அத எழுத உங்களுக்குக் கை வராது சார், எனக்குத் தெரியும்."

அப்போது இசோபே எழுந்தார். பதினாலு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசாத இசோபே தொலைபேசியை எடுத்து, கல்வி அலுவலகத்தைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "எங்க பள்ளியில ரெண்டு காலியிடம் இருக்கு. ஒண்ணு போன ஜூன்ல இருந்தே இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு மேசை மேலிருந்த சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியை எடுத்துக் குராமோச்சியின் கையில் கொடுத்தார். "ஆள் வர்ற வரைக்கும் அஞ்சாம் வகுப்பு நீங்க, ரெண்டாம் வகுப்பு நான்."

ஆட்கள் ஜூனில் வந்தார்கள். இரண்டு மாதம் குராமோச்சி பாடம் எடுத்தார், முதல் வாரமே தொண்டை கட்டியது. கீழ்ப்படியவில்லை என்ற அறிக்கையை அவர் எழுதவே இல்லை.

ஒருநாள் நாலாம் வகுப்பில் மிஹாரு என்ற பெண் எழுந்து, "டீச்சர், அந்த இன்னொரு டீச்சர் எங்க போனாங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கா" என்றார் நாருமி டீச்சர்.

பிள்ளைகள் சரி என்று தலையாட்டினார்கள். அன்று வகுத்தல் கணக்குப் பரீட்சை இருந்தது, எல்லோரும் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்கள்.