ஹால்வர் கேட்ட பெரிய தோட்டா

என் மனைவியின் அண்ணன் ஹால்வருக்கு அந்த வசந்தம் முழுக்க ஒரே வேலை, மனசு மாறுவது. லூயிஸ்டவுனில் துப்பாக்கி செய்யும் டார்லாவிடம் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்று செய்யச் சொல்லியிருந்தான். முதலில் தேர்ட்டி நாட் சிக்ஸ் தோட்டா போதும் என்றான். பிறகு அதைவிடப் பெரிய த்ரீ தேர்ட்டி எயிட். கடைசியில் யானைக்கே போதுமான த்ரீ செவன்டி ஃபைவில் வந்து நின்றான். நடுவே கட்டையின் வளைவு மாறியது, கன்னம் வைக்கும் மேடு மாறியது. குழல் இருபத்து நாலு அங்குலமா இருபத்தாறா என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் துடைப்பக் கட்டையை வைத்து அளந்து காட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை அலைச்சல் எதற்கென்று தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன நவம்பரில் மலையில் ஒரு பெண் எல்க் மானைச் சுட்டான். குண்டு வயிற்றில் பட்டது. பனியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருட்டும்வரை இருவரும் நடந்தோம், மறுநாளும் தேடினோம், கிடைக்கவில்லை. இன்னொன்றைச் சுட யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு மானுக்கான வேட்டைச் சீட்டை அவனே அடுப்பில் போட்டான். வெறுங்கையோடு வந்தால் எங்கள் ஊரில் வசந்தம் வரை கேலி செய்வார்கள். காயப்படுத்தித் தொலைத்துவிட்டு வந்தவனை யாரும் கேலி செய்வதில்லை, அதுதான் கொடுமை. பழியை அவன் துப்பாக்கி மேல் போட்டான். டூ செவன்டி சின்னத் தோட்டா, எல்க்குக்குப் பத்தாது என்று சொல்லி அதை என் தலையில் கட்டினான். நான் சுட்டுப் பார்த்தவரை அதில் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை அவனோடு டார்லாவின் பட்டறைக்குப் போனேன்.

"இன்னைக்குக் குழலுக்குச் சொல்லிடுவேன் ஹால்வர். இதுக்கு மேல மாத்தினா சீசனுக்குத் துப்பாக்கி கைக்கு வராது" என்றாள் டார்லா.

"த்ரீ செவன்டி ஃபைவ். இதுதான் கடைசி."

"இதோட எத்தனை கடைசிடா?" என்றேன்.

டார்லா தன்னுடைய த்ரீ செவன்டி ஃபைவை எடுத்து வந்தாள். "பின்னாடி மண்மேட்டுல சுட்டுப் பாரு. அப்புறம் சொல்லு."

அவன் அங்கே சுடுவதற்குப் போட்டிருந்த மேசை முன்னால் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு குண்டும் குறி அட்டைக்குக் கீழே மண்ணில் போய்ப் புதைந்தன.

"அருமையா இருக்கு" என்றான், தோளைத் தேய்த்துக்கொண்டே.

அங்கேதான் என் பொறுமை போயிற்று. மூன்றாவது முறை, சுட்டு முடிந்த வெறும் கூட்டையே உள்ளே தள்ளி மூடிக் கொடுத்தேன். விசையை இழுத்தான். டிக் என்றது, அவ்வளவுதான். குண்டே இல்லை, ஆனாலும் உதைக்குப் பயந்து அவன் தோளை முன்னால் தள்ளியதில் குழல் முனை சட்டென்று கீழே இறங்கியது. அவன் கண்களை இறுக்கி மூடியிருந்தான்.

"என்னடா போட்ட?"

"காலிக் கூடு, மச்சான்."

டார்லா மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்னை அடிப்பான் என்றுதான் நினைத்தேன்.

"என் டூ செவன்டி உன் வண்டியில இருக்கா?" என்றான்.

பெட்டியில் கிடந்த அதன் தோட்டாக்களோடும் பழைய கூடுகளோடும் கொண்டுவந்தேன். "எது காலின்னு சொல்லாம போட்டுக் குடு" என்றான். அதிலும் காலிக் கூட்டைத்தான் போட்டேன். அதிலும் முனை இறங்கியது.

துப்பாக்கியை மேசைமேல் வைத்தான்.

"துப்பாக்கி ஒண்ணும் பண்ணல. நான்தான் கண்ண மூடியிருக்கேன்" என்றான். பிறகு, "அந்த மான்... அவ மலையில எவ்வளவு நேரம் கெடந்திருப்பா?"

இவ்வளவு நாள் இவன்மேல் எரிச்சல்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"குழலுக்கு என்னன்னு சொல்லட்டும்?" என்று மெல்லக் கேட்டாள் டார்லா.

"டூ செவன்டி. அவசரமில்ல. இந்த வருஷம் நான் மலைக்குப் போகல."

துப்பாக்கியை என் பக்கம் நீட்டிவிட்டு, எதைப் போடுகிறேன் என்று தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அடுத்ததப் போடு."