பதினோரு நிமிட வாசகர்

மாற்றிவிட்டேனா, இல்லையா, மாற்றிவிட்டேன்தான், கைக்கு என்ன தெரியும், முதலாளி மெஷின் என்றும் வாத்தியாரம்மா மெஷின் என்றும் வித்தியாசமா பார்க்கும் அது... பேருந்தின் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மெக்கானிக் நேற்று மாலையை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். முதலாளி கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தான், தூசி ஊதினான், புது டிஸ்க்கைப் போட்டான், நாலு திருகாணியில் ஒன்று உருண்டு மேஜைக்கு அடியில் ஓடியது, குனிந்து தேடி எடுத்தான், எல்லாம் நினைவிருக்கிறது. அப்புறம்? அப்புறம் இணையத்தைத் திறந்து, தொடக்கப் பக்கம் எது என்று கேட்கிற கட்டத்தில் தன் வலைப்பூவின் முகவரியை அடித்தான். ஐந்து நொடி வேலை. பழுதுக்கு வருகிற எல்லா கம்ப்யூட்டருக்கும் எட்டு மாதமாகச் செய்கிற வேலை. இன்று காலையிலும் வாத்தியாரம்மா வீட்டில் மெஷினைக் கொண்டுபோய் வைத்துப் போட்டுக் காட்டினான், "என்னங்க இது, யாரோ எழுதினது முதல்ல வந்து நிக்குது?" என்று அந்த அம்மா கேட்டார், "புது வெர்ஷன் மேடம், அப்படித்தான் வரும்" என்று வழக்கமான பொய்யைச் சொல்லி வாயை மூடவில்லை, நேற்று முதலாளி மெஷினிலும் கை இதையே செய்துவிட்டதோ என்று உறைத்தது. முதலாளி ஒன்பதரைக்குக் கடையைத் திறப்பார். மின்விசிறியைப் போடுவார், கம்ப்யூட்டரைப் போடுவார், அப்புறம்தான் செருப்பையே கழற்றுவார். மணி ஒன்பது இருபது. பேருந்து ஆடி அசைந்து போய் ஒரு சிவப்பு விளக்கில், நெரிசலின் வாலில் நின்றது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவன் செலவே இல்லாமல் வைத்துக்கொண்டவன். வலைப்பூ தொடங்கி ஒரு வருடம் ஈ ஓட்டினான். கையிலிருக்கிற ஸ்க்ரூடிரைவரின் பெயரில் திருப்புளி என்ற புனைபெயர், பழுது பார்க்கிறவனின் அனுபவங்கள், கம்ப்யூட்டருக்குள் கரப்பான் குடும்பம் நடத்திய கதை, காதல் கடிதங்களை அழிக்கச் சொல்லி அழுத பெரியவர் கதை... நன்றாகத்தான் எழுதினான், யார் வந்தார்கள்? ஒரு நாளைக்கு மூன்று பேர். அதில் இரண்டு அவனே. மச்சினன்தான் ஆள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். காசு போட வேண்டாம் மாமா, அடுத்தவன் வலைப்பூவில் போய் நாலு நல்ல வார்த்தை எழுது, கீழே உன் முகவரியை விட்டுட்டு வா என்றான். போனான், சமையல் வலைப்பூ, பயண வலைப்பூ, தோட்ட வலைப்பூ, ரோஜாவுக்கு எரு போடுவதைப் பற்றி எதுவும் தெரியாமலே அருமை அருமை என்று எழுதிவிட்டு வந்தான், அவர்கள் இவனிடம் வந்து அருமை அருமை என்று எழுதிவிட்டுப் போனார்கள், ஒருவரும் படிக்கவில்லை. சொந்தக்காரர்கள் குழுவில் சுட்டியைப் போட்டான், சித்தி திறந்தே பார்க்காமல் கும்பிடுகிற படத்தைப் போட்டாள். ஜனங்கள் எதைத் தேடுகிறார்களோ அதைத் தலைப்பில் வை என்றான் மச்சினன், வைத்தான். வீட்டுக்குத் தருகிற மெஷினின் அடியில் முகவரியை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினான், மெஷினைக் கவிழ்த்துப் பார்க்கிறவன் எவன்? அப்போதுதான் தொடக்கப் பக்க யோசனை வந்தது, யார் சொல்லியும் இல்லை, அவனே கண்டுபிடித்தது, அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மூன்று அறுபதானது, அறுபது நூறானது. எல்லாரும் மூன்று நொடியில் ஓடிப்போனார்கள் என்பது வேறு விஷயம். கதவைத் திறந்ததும் தெரியாத ஆள் நின்றால் யார்தான் உட்கார்ந்து பேசுவார்கள்?

ஒரு பதிவுக்கு மட்டும் நின்றார்கள். அதைத்தான் முதல் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டி வைத்திருக்கிறான், மச்சினன் யோசனை. தலைப்பு: பெறப்போவது நீயா, உன் பெண்டாட்டியா? இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் படித்தது. மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று மாமியார் போன் செய்கிறாள், அவன் முதலாளியிடம் போய் விடுப்பு கேட்கிறான், அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கிறார், அவன் திரும்பி வந்து யாருடைய கம்ப்யூட்டருக்கோ விசிறி மாட்டுகிறான், மகள் பிறக்கிறாள். அவ்வளவுதான் கதை. கீழே எழுபது பேர் முதலாளியைக் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். அவன் மனைவி படித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதப் படிச்சாவது அந்த ஆளுக்கு உறைக்கணும்" என்றாள். மூன்று வருடமாகக் கடை இருக்கிற தெருப்பக்கம் அவள் வருவதில்லை. ஒருமுறை மார்க்கெட்டில் முதலாளி எதிரே வந்து சிரித்தபோது வெங்காயத்தைப் பொறுக்குகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதாப்பா?" என்று கேட்டார் அவர். ஆமாம் சார் என்றான். பாவம், கண்ணாடி போடச் சொல்லு என்றார்.

போனை எடுத்தான். இங்கிருந்தே அழித்துவிடலாமே, கட்டைவிரலால் ஒரு தட்டு, பதிவு போயே போச்சு, முதலாளி வந்து திறந்தால் கரப்பான் கதை நிற்கும், சிரித்துவிட்டுப் போவார். விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது. இரண்டாயிரத்துச் சொச்சம்... அழித்தால் அத்தனையும் போய்விடும், எழுபது பேரின் திட்டும் போய்விடும், மறுபடி மூன்று பேர், அதில் இரண்டு நானே. வேலை பெரிதா, வாசகர் பெரிதா? இதென்ன கேள்வி, வேலைதான், வாடகை, மகள், ஒன்பது வருட பெஞ்சு... விரல் இறங்கவில்லை. பேருந்தும் நகரவில்லை. பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்துவிட்டு இவனை முறைத்தார். ஒன்பது முப்பத்து நாலுக்குத் திரையின் மூலையில் எண் மாறியது. இப்போது படிப்பவர்: 1. அந்தப் பதிவில்தான். ஒரு நிமிடம். போய்விடுவார், எல்லாரும் போவதுபோல. இரண்டு நிமிடம். மூன்று. வேறு யாராவது இருக்கும், உலகத்தில் ஒரு மெஷினா இருக்கிறது? நாலு நிமிடம். இவ்வளவு பொறுமையாக யாரும் அவனைப் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு, உள்ளே எங்கோ ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது, தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது, இவனுக்குச் சந்தோஷம்.

திட்டினால் திட்டட்டும், செய்ததைத்தானே எழுதினேன், கேட்டேன், மறுத்தார், எழுதினேன்... கேட்டேனா? கேட்ட மாதிரிதான். கேட்கப் போனேன். மேஜைக்கு எதிரே போய் நின்றேன், அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே புருவத்தை மட்டும் தூக்கி என்னப்பா என்று பார்த்தார். ஒண்ணுமில்ல சார் என்றேன். சொல்லிவிட்டு வந்து விசிறியை மாட்டினேன். அப்படியானால் அந்தக் கேள்வி, பெறப்போவது நீயா... அது மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் வாயில் வந்தது, ஏன் வரலை என்று அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டபோது, கேட்டேன், விடலை, இப்படிச் சொன்னான் அந்த ஆள் என்று. எவ்வளவு சுலபமாக வந்தது. அவள் உடனே நம்பினாள். குழந்தையை அணைத்துக்கொண்டு பாவம் நீங்க என்றாள், என்னைப் பார்த்து, பாவம் நீங்க என்று... ஒருமுறை சொன்னதை மாற்ற முடியுமா? எழுதும்போதும் அப்படியேதான் வந்தது. இரண்டாயிரம் பேர் படித்தபிறகு நடந்தது என்றே ஆகிவிட்டது. ஆனால் கேட்டிருந்தால் மறுத்திருப்பார், நிச்சயம் மறுத்திருப்பார்... மறுத்திருப்பாரா? ஏழு நிமிடம் என்றது திரை. நெரிசல் விலகிப் பச்சை விழுந்தது.

நிறுத்தத்திலிருந்து ஓடினான். கடை வாசலில் மூச்சு வாங்க நின்றபோது திரையில் பதினோரு நிமிடம். முதலாளி செருப்போடு உட்கார்ந்திருந்தார், மூக்கு திரையைத் தொடுகிற தூரத்தில்.

"வாப்பா. நீ வாத்தியாரம்மா வீட்டுல இருப்பேன்னு நினைச்சேன்."

"சீக்கிரம் முடிஞ்சுது சார்."

"இங்க வா. மெஷினப் போட்டதும் இது வந்து நிக்குது. வைரஸ் எதாவதா?"

"எடுத்துடறேன் சார், ரெண்டு நிமிஷம்."

"இரு, இரு, என்ன அவசரம். எவனோ நம்ம தொழில்ல இருக்கறவன்தான். நல்லா எழுதறான்ப்பா."

இரண்டு வருடமாக எந்த வார்த்தைக்காகக் கண்ட கண்ட வாசலில் எல்லாம் போய் நின்றானோ அந்த வார்த்தை. ஆனால் அதைக் காதில் வாங்க முடிந்ததா? கை மவுசுக்குப் போய், அவர் கை அங்கே இருந்ததால் திரும்பி வந்தது.

"ஆனா இவனோட மொதலாளி இருக்கானே, மனுஷனா அவன்? பொண்டாட்டி வலியில துடிக்கறான்னு வந்து நிக்கறான், அவன்கிட்டப் போய்ப் பெறப்போறது நீயான்னு கேட்டிருக்கான் பாரு. நாக்கு அழுகிடும். நம்ம கடையில அப்படி நடக்குமா, நீயே சொல்லு."

நடக்காது சார் என்றான். அவருக்குத் தெரியவில்லை. பெஞ்சு அவருடையது, விசிறி அவருடையது, கண்ணாடி அவருடையது, எல்லாம் அப்படி அப்படியே எழுதியிருக்கிறது, இருந்தும் தெரியவில்லை. தான் சொல்லாத வார்த்தையைப் படித்து அது தான்தான் என்று எந்த மனிதனுக்குத் தெரியும்? தப்பித்தோம் என்று மூச்சு விட வேண்டிய நேரம், மூச்சு பாதியில் நின்றது.

அவர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார், எழுபது பேர் தன்னைத் திட்டியதை ஒவ்வொன்றாகத் தலையாட்டி ஆமோதித்தார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார்.

"ஆமா, உன் பொண்ணு பொறந்தப்ப எத்தன நாள் லீவு எடுத்த? எனக்கு ஞாபகமே வரலையே."

"எடுக்கல சார்."

"எடுக்கலயா? அப்ப எங்க இருந்த?"

"இங்கதான் சார். பெஞ்சுல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை அந்த முகத்தில், சந்தேகம்கூட இல்லை.

"எதுக்குப்பா?"

படித்த இத்தனை பேரில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மனைவி கேட்டாள், அவளுக்குத்தான் உடனே ஒரு பதிலைக் கொடுத்து அடைத்துவிட்டானே. இப்போது அந்தப் பதிலும் இல்லை, அந்தப் பதில் திரையில் கிடக்கிறது, யார் தலையில் கட்டினானோ அவரே படித்து முடித்துவிட்டார். எதுக்கு... மாமியார் போன் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை நினைத்தாலே கால் பின்வாங்கியது, அவள் கத்துவதைக் கேட்க வேண்டியிருக்கும், ஏதாவது ஆகிவிட்டால் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்கள், பெஞ்சில் உட்கார்ந்தால் கையில் ஒரு விசிறி, நாலு திருகாணி, அவர் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றுதானே மேஜை முன்னால் போய் நின்றேன், அவர் சொல்லவில்லை, அதனால்...

முதலாளி புருவத்தைத் தூக்கினார், அன்றைக்குத் தூக்கிய அதே மாதிரி, இன்றைக்குக் காதில் போன் இல்லை. ஒண்ணுமில்ல சார் என்பது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதை வெளியே விடாமலும் விழுங்காமலும் நின்றான். அவர் தோளுக்குப் பின்னால் திரையின் மூலையில், இப்போது படிப்பவர்: 1 என்று இருந்தது.