புல் குடித்த பத்து நிமிடம்

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்கு வால்வுக்காரர் வீட்டுப் புல்வெளி சத்தம் போட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. மடக், மடக் என்று, வெயிலில் நடந்து வந்தவர் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் அதே சத்தம். தெருக்கோடி வரை கேட்டது. அந்த வருடம் பருப்பு விலை ஏறியது, பேருந்து நிறுத்தம் இடம் மாறியது, மூன்றாவதாக இது.

அவருடைய வேலை எளிமையானது. தெரு முனையில் இரும்பு மூடியைத் தூக்கி, நீளச் சாவியை உள்ளே விட்டுப் பதினெட்டுச் சுற்று சுற்றினால் தெருவுக்குத் தண்ணீர் போகும். ஆறு மணிக்குத் திறப்பார், ஆறரைக்கு மூடுவார். மூன்று வருடத்துக்கு முன் வீடு கட்டி முடித்த கையோடு, வாசலில் புல் போட மனைவியுடன் நாற்றுப் பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரம்மா ஒரு பத்தை அருகம்புல்லை எடுத்து நீட்டினார்.

"இதைப் போடுங்க சார். பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி காட்டினாப் போதும். வெயில்ல செத்த மாதிரி கிடக்கும், ஒரு மழைக்கு எந்திரிச்சிரும். மாசம் ஒரு தடவை வெட்டினா வேலை முடிஞ்சுது."

மனைவி தலையாட்டினார். வால்வுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "சாக்கடை ஓரத்துல சும்மா முளைக்கிறதைக் காசு குடுத்து வாங்கவாம்மா?" என்று சொல்லிவிட்டு, தினமும் தண்ணீர் கேட்கும் மெத்தைப் புல்லைக் காட்டினார். தண்ணிக்கு வழி இருக்கா என்று பண்ணைக்காரம்மா கேட்டதற்கு, "தண்ணியே நம்ம கையிலதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவர் எத்தனையோ முறை கூசியிருக்கிறார்.

கோடை வந்ததும் புல் பழுத்தது. வால்வை மூடினால், ஆறரை வரை வரும் மிச்சத் தண்ணீர் மேட்டிலிருந்த அவர் வீட்டுக் குழாய்க்கு ஏறும். எனவே ஆறு இருபதுக்கே மூட ஆரம்பித்தார். யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவே அவரை வைத்துத்தான் கடிகாரம் திருத்திக்கொள்ளும். அவர் மூடினால் ஆறரை. தெருவின் கடிகாரங்கள் எல்லாம் பத்து நிமிடம் முந்தின. பிள்ளைகள் பூட்டிய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார்கள். பள்ளத்து வீட்டு இஸ்திரிக்கார அக்காவுக்கு ஆறு குடம் நிறைந்த இடத்தில் நான்குதான் நிறைந்தது. வயசாயிடுச்சு, கை வேகம் போச்சு என்று அக்கா தன்னையே நொந்துகொண்டார்.

மூன்று கோடை இப்படிப் போன பிறகுதான் புல் வாய் திறந்தது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், ரேடியோவை அலற விட்டார். சத்தம் அடங்கவில்லை. தங்கள் குழாய் நின்றதும் தொடங்கிய அந்தச் சத்தத்தைத் தெருவில் எல்லாரும் குடத்தோடு நின்று கேட்டார்கள்; பத்து நிமிடம் எங்கே போனதென்று புரிந்துவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரவர் வீட்டுக்குள் போய்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்தார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார்.

அன்றே மண்வெட்டி எடுத்து மெத்தைப் புல்லை முழுக்கக் கொத்தி எறிந்தார். வால்வைப் பழையபடி ஆறரைக்கு மூடினார். மறுபடி பண்ணைக்குப் போனார்; பண்ணைக்காரம்மா அருகம்புல்லைக் கட்டிக் கொடுத்தார். அது பத்து நாளைக்கு ஒருமுறை, சத்தமில்லாமல் குடித்தது. ஆனால் சத்தம் போகவில்லை, அவர் தொண்டைக்கு மாறிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் விழுங்கினாலும் தெருக்கோடி வரை மடக், மடக். வெட்கத்தில் அவர் குடிப்பதைக் குறைத்தார். மனைவி கெஞ்சினார், திட்டினார், பலனில்லை. பங்குனி போல வெயில் காய்ந்த ஒரு நாளில் அடியோடு நிறுத்திவிட்டார். உதடு வெடித்தது, மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் இஸ்திரிக்கார அக்கா சொம்போடு படியேறி வந்தார்.

"நேத்துலேர்ந்து சத்தமே கேக்கலியேண்ணே. என்னமோ ஏதோன்னு ஆயிருச்சு. குடிங்க."

"எல்லாருக்கும் கேக்குமேம்மா."

"கேக்கட்டும். கேட்டாத்தானே நீங்க இருக்கீங்கன்னு தெரியும். இது ஆறாவது குடத்துத் தண்ணி. இப்பல்லாம் நிறையுது."

அவர் தலையைத் தூக்காமல் வாங்கிக் குடித்தார். தெரு முழுக்கக் கேட்டது. பள்ளத்து வீடுகளில் யாரோ, வால்வுக்காரர் தண்ணி குடிக்கிறார் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.