கிழங்குக் காட்டு மாத்திரை

கள்ளக்குறிச்சி லேப் கொடுத்த காகிதத்தில் 640 என்று போட்டிருந்தது. ஆடியில் 92, ஐப்பசியில் 110, இந்தத் தையில் 640. செங்கம்மாளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ரத்தம் போகவில்லை, வயிறு வலிக்கவில்லை, காலையில் ஒரு தடவை போய் வருவதோடு சரி. இதற்கு மேல் என்னதான் வேண்டுமாம் இந்தக் காகிதத்துக்கு?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் பட்ட பாடு பகையாளிக்கும் வரக்கூடாது. பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ரத்தம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத்தான் அடக்கினார்கள். அதில் முகம் பூசணிக்காயாய் ஊதி, பெற்ற தாயே ஒரு நிமிஷம் யாரோ என்று பார்த்தாள். அப்புறம் மெல்லத் தேறினாள். நடுவில் ஒரு தடவை குடல் மாத்திரையை நிறுத்தி மறுபடி படுத்ததிலிருந்து, அதை விடாமல் சாப்பிட்டு வருகிறாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தைக்கு ஏங்கிக் கிடப்பவளிடம் டாக்டர் சுபஸ்ரீ ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். குடலுக்குள் வீக்கம் இருந்தால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒன்று கூடும். வலி தெரிவதற்கு முன்பே கூடிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மலத்தைப் பரிசோதிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை நூற்றைம்பதுக்குள் வந்தால் குழந்தைக்குப் பார்க்கலாம். இரண்டைத் தாண்டிவிட்டாள். மூன்றாவதில்தான் இந்த 640.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றாள் செங்கம்மாள். "சத்தியமா இல்லீங்க" என்றான் பக்கத்தில் நின்ற அவள் புருஷன் மாதன்.

"ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். அப்பவும் ஜாஸ்தியா இருந்தா குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும். ஸ்டீராய்டு திரும்ப ஆரம்பிக்க வேண்டி வரலாம். குழந்தை விஷயம் இந்த வருஷம் வேணாம்."

வெள்ளிமலை பஸ் வளைவுகளில் முக்கிக்கொண்டு ஏறும்போது மாதன் சமாதானம் சொன்னான். "அத்த வுடு புள்ள. நீ நல்லாத்தான கீற? மனுசன் ஒடம்பு சொல்றத கேக்கணுமா, ஒரு டப்பா பீ சொல்றத கேக்கணுமா?"

"அன்னிக்கும் நல்லாத்தான் கீறேன்னுதான் மாத்திரைய வுட்டேன். இன்னா ஆச்சி? பன்னெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். என் ஒடம்பு எங்கிட்டயே பொய் சொல்லும்யா. டப்பா சொல்லாது."



அவள் விடவில்லை. ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் என்ன மாறியது என்று விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். மிளகாய் மேல் சந்தேகம் வந்தது, நிறுத்தினாள். சாமைச் சோறு? அது பிறந்ததிலிருந்து தின்பது. தண்ணீர்? அதே குழாய்த் தண்ணீர்தான். ஊரே அவளுக்குச் செய்வினை என்றது. அட போங்கடி என்று வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மார்கழியிலிருந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை. மாதன்தான் மேஸ்திரி, அவன் கையில் பதினெட்டு ஆட்கள். குச்சியை வெட்டிவிட்டு, தூரைப் பிடித்துக் குனிந்து இழுத்தால் முதுகெலும்பு கழன்று வருகிற மாதிரி இருக்கும். மதியத்துக்குள் லாரி நிறைய வேண்டும். அதனால் பத்து மணி டீயோடு மேஸ்திரி ஆளுக்கொரு வலி மாத்திரை கொடுப்பது வழக்கம். கிழங்கு மாத்திரை என்றுதான் அதற்குப் பெயர். அதை மருந்து என்று யாரும் நினைத்ததே இல்லை; வெற்றிலை என்றால் சுண்ணாம்பு, டீ என்றால் அது.

அன்றைக்கும் மாதன் அட்டையைக் கிழித்துக்கொண்டே வந்தான். எல்லோருக்கும் ஒன்று, இவளுக்கு மட்டும் இரண்டு. நோய்ப்பட்ட உடம்பு, வலிக்கக் கூடாது என்று அவனாகவே கூட்டிக் கொடுப்பது.

செங்கம்மாள் உள்ளங்கையில் கிடந்த இரண்டையும் பார்த்தாள். மார்கழியிலிருந்து தினம் இரண்டு. இதுவும் வயிற்றுக்குள்தானே போகிறது? மாத்திரையை மண்ணில் போட்டுவிட்டு, காலி அட்டையைப் பொறுக்கி இடுப்பில் செருகினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகக் கீழே இறங்கினாள். அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இதைத்தானேம்மா அன்னைக்குக் கேட்டேன்!"

"நீங்க மாத்திரைன்னு கேட்டீங்க மேடம். இது வேலைக்குக் குடுக்கறதுங்க."

"இந்த வகை வலி மாத்திரை குடலைப் புண்ணாக்கும். உங்க நோய்க்கு ஆகவே ஆகாது. அளவு ஏறினதுக்கு இதுவே காரணமா இருக்கலாம். ஒண்ணுகூடத் தொடாதீங்க. அந்த ஒரு மாசம் முடியட்டும், பாப்போம்." டாக்டர் சற்று நிறுத்தி, "நான்தான் வலி மாத்திரைன்னு விவரமாக் கேட்டிருக்கணும்" என்றார்.

சேதி கேட்ட மாதன் கிழங்குக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நாந்தான குடுத்தேன்? ரெண்டு ரெண்டா குடுத்தேனே!"

"ஆமா, நீதான்! வேலியில போன ஓணான எடுத்து மடியில வுட்டுக்கினோம். நீ குடுத்த, நான் முழுங்கினேன்." கத்தித் தீர்த்த பிறகுதான் அவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. "எந்திரிய்யா. அழுதா எறங்கிடுமா? இன்னும் இருவத்தி மூணு நாளு கீது."

இழுக்கும் வேலையை விட்டுவிட்டு, தூரிலிருந்து கிழங்கை வெட்டி மூட்டை பிடிக்கும் வேலைக்கு மாறினாள். "மேஸ்திரி பொண்டாட்டிக்கு நோவாத வேலை" என்று காதுபடவே பேசினார்கள். பேசட்டும். உட்கார்ந்து வெட்டினாலும் இடுப்பு விட்டுப்போகத்தான் செய்தது. சாயங்காலம் மாதன் வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுப்பான். மூட்டை தூக்கிப் பழகிய கை, பாதி நாள் தோலையே உரித்துவிடும். பதினைந்தாம் நாள் வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளிடம், கூட வேலை செய்யும் தனுஷா ரகசியமாக ஒரு மாத்திரையை நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. இன்னா ஆயிடப் போவுது?"

செங்கம்மாளின் கை பாதி தூரம் போய்விட்டது. அய்யோ, ஒன்றுதானே என்று மனசும் சொன்னது. கையை இழுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். "வோணாம் தனு. நீயே வெச்சிக்க."

மாதம் முடிந்ததும் டப்பாவை ஒரு பையில் வைத்து மடியிலேயே கொண்டுபோனாள். பக்கத்துச் சீட்டுக்காரி, "இன்னாம்மா இவ்ளோ பத்திரமா? தேனா?" என்று கேட்டாள். "தேன வுட ஒசத்திக்கா" என்றாள் செங்கம்மாள். மாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். செங்கம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நூத்திப் பதினெட்டு" என்று டாக்டர் சிரித்தார். "குழாய் வேணாம், ஸ்டீராய்டு வேணாம். இதையே மூணாவதா வெச்சுக்கலாம். குடல் மாத்திரை மட்டும் எப்பவும் நிறுத்தாதீங்க. குழந்தைக்குப் பாருங்கம்மா."

செங்கம்மாள் காகிதத்தை வாங்கி அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். மாதன்தான் பேசினான். "இன்னொரு தபா பாத்துடலாம் மேடம். மெசின் தப்பா காட்டியிருந்தா?"

"யோவ்!" செங்கம்மாள் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "வலிச்சது எனக்கு. அது வெறும் நம்பரு இல்ல, நான் எறக்கினது. பொம்பளப் புள்ளைக்கி ஒரு பேரு, ஆம்பளப் புள்ளைக்கி ஒரு பேரு, பஸ்ஸு மல ஏர்றதுக்குள்ள யோசிச்சி சொல்லு."