வேகம் ஏற்றிய கம்ப்யூட்டர்

பீப், பீப், பீப் என்று தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் விடாமல் அலறியது. தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணி வீரபத்திரன் கையிலிருந்த கோப்பி மேசையில் சிந்தியது.

ரெம்பாவ் ஊர்ப்பக்கமிருந்த அந்தத் தோட்டம் வேறு முதலாளிக்குக் கைமாறிவிட்டது. வீட்டு மனை பெறவேண்டிய நாற்பத்திரண்டு குடும்பங்களின் பட்டியலை இன்று காலை பத்து மணிக்குள் நில அலுவலக அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். பெயர் விடுபட்டால் மனை இல்லை. ஆட்கள் கைரேகை வைத்துக் கொடுத்த விண்ணப்பப் பாரங்களும் இப்போது இல்லை. நேற்று ஆயுத பூஜைக்காக ஆபீஸைச் சுத்தம் செய்தபோது, "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு லா" என்று கிராணியே அவற்றைக் குப்பையோடு கொளுத்திவிட்டார்.

"என்னடா பண்ணித் தொலைச்ச, மச்சான்?"

ராசா டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும், அவர் மனைவியின் தம்பி ஞானசேகர் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான்.

"போன வாரம் நீங்கதானே மாமா, மாட்டுவண்டியே தேவலாம்னு கிண்டல் பண்ணீங்க. அதான் மதர்போர்டுல வேகத்தை வைக்கிற ஜம்பர் கிளிப்பை மாத்தி, நூத்தி முப்பத்து மூணு மெகாஹெர்ட்ஸ்ல ஓடுனதை நூத்தி அறுபத்தாறுக்கு ஏத்தினேன். மெமரியையும் முடுக்கிவிட்டேன்."

ஜம்பரைப் பழைய இடத்தில் செருகினான். அலறல் நின்றது, பட்டியலும் திறந்தது. ஆனால் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கட்டமும் கோடுமாகக் கிறுக்கல்.

"வேகம் தாங்காம மெமரி எல்லாத்தையும் தப்பா எழுதி வச்சிருக்கு, மாமா."

வாசலில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. வீரபத்திரன் மேசை இழுப்பறையை இழுத்தார்.

"டிஸ்கெட்ல ஒரு காப்பி எடுத்தியே, அதைப் போடுடா!"

ஞானசேகர் பெட்டியை மூடினான்.

"அதையும் அந்த வேகத்துலதான் எடுத்தேன், மாமா."