ஒற்றை ஆள் மெஷின்

சின்னவர் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு விஷயத்தைச் சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. "அண்ணே, நான் விலகிக்கிறேன்." அவ்வளவுதான். தும்மி முடிக்கிற நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் மனுஷன் மூன்று வாரமாக அதை வாய்க்குள்ளேயே போட்டு மென்றுகொண்டிருந்தார்.

அந்நியரிடம் சொல்வதென்றால் ஒரு போனில் முடிந்துவிடும். இவர் சகலை ஆயிற்றே. அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். இருவரும் பதினோரு வருஷமாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய் கார்ப்பெட் கழுவுகிறார்கள். இவர்களுக்குள் ஒரு மனஸ்தாபம் வந்தால் அது தொழிலோடு நிற்குமா? நேரே இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்காவும் தங்கையும் போனில் பேசாமல் ஒரு நாள் இருந்தால் அந்த இரண்டு வீட்டிலும் சோறு இறங்காது.

தொழில் என்றால் லேசுப்பட்ட தொழில் இல்லை. சக்கரம் வைத்த ஒரு கிழட்டு மெஷினை மாடி மாடியாகத் தூக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். உறிஞ்சி எடுத்த அழுக்குத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறிச் சின்னவர் கை விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது. வீட்டில் நாயே கிடையாது. ஆனால் அவர் மேல் நனைந்த நாய் வாடை. பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிக்கொள்ள ஓடி வருவாள், பாதி தூரத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். அவருக்கு அது நெஞ்சில் குத்தும். சிரித்து மழுப்பிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. காய்ந்த சட்டை, உட்கார்ந்த வேலை, சாயங்காலம் வீடு. பஸ் ஆபீஸ் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள சரின்னு சொல்லிடுங்க. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்."

உடனே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஐயா தன் காலைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பெரிய ஹோட்டல் ஒன்று அத்தனை மாடிக்கும் கார்ப்பெட் கழுவ மூன்று வருஷ ஒப்பந்தம் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை, வேனிலேயே பொருத்திய மெஷின் இருக்க வேண்டும். பெரியவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் சின்னவரும் போட்டுத் தொலைத்தார். ஆக, ஹோட்டலுக்கு யாராவது ஒருவர் மூன்று வருஷம் உழைத்தே ஆக வேண்டும். அந்த ஒருவர் பெரியவராக இருக்கட்டும், தான் மெல்லக் கழன்றுகொள்ளலாம் என்பது இவர் கணக்கு.

காலையில் மனைவி வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு நீங்க சொல்றீங்க. சொல்லாம வந்தீங்கன்னா நானே அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"மெஷினை முடிவு பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். போதுமா?"

"இதைத்தான் போன வாரமும் சொன்னீங்க."

மெஷின் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பெரியவரும் சின்னவரும் தங்கள் வேனை அங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் சின்னவர் தொண்டையைச் செருமினார். பெரியவர், "என்னப்பா, சளியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பேச்சு அதோடு போச்சு.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். வாய் மட்டும் நாலு ஆளுக்குப் போதும். அவர் விளக்கினார்: மெஷின் வேனை விட்டு இறங்கவே இறங்காது. தண்ணீரைச் சூடாக்குவது, அழுத்தித் தள்ளுவது, அழுக்கை உறிஞ்சித் தொட்டியில் சேர்ப்பது எல்லாம் வேனுக்குள்ளேயே. வீட்டுக்குள் போவது நீளமான குழாயும் அதன் முனையில் தரையைத் தேய்க்கிற கோலும் மட்டும்.

"ஒரு தடவை பொருத்திட்டா பொருத்தினதுதான் சார்," என்றார் பெருமையாக. "வேன் தரையில ஓட்டை போட்டு போல்ட்டு இறக்குவோம். எண்ணெய்க் குழாய்க்கு ஒரு ஓட்டை, புகைக்கு ஒரு ஓட்டை. அப்புறம் அந்த வேன் வேற எதுக்கும் ஆகாது."

சின்னவர் வெளியே நின்ற தங்கள் வேனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் நேராகப் போய் நின்றது அங்கிருந்ததிலேயே பெரிய மெஷின் முன்னால். அலமாரி மாதிரி இருந்தது. முகப்பில் இரண்டு கோல், இரண்டு குழாய்.

"இதுல ஒரே நேரத்துல ரெண்டு பேர் வேலை பார்க்கலாம்," என்றார் கடைக்காரர்.

"இதான் சரி," என்றார் பெரியவர். "நீ ஒரு ரூம், இன்னொரு ஆள் ஒரு ரூம். மடமடன்னு முடிஞ்சுடும்."

இரண்டு கோல்! சின்னவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இதை வாங்கினால் எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். தான் விலகினால் பெரியவர் இன்னொரு கோலை யார் கையில் கொடுப்பார்? ஐம்பதைத் தாண்டிய மனிதரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான் என்று ஊர் பேசும், அதைவிட மனைவியின் அக்கா ஒன்றுமே பேசமாட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

சரி, இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தால், திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"அண்ணே, இது வேண்டாம்ண்ணே. அந்த ஓரத்துல இருக்கே, சின்னது, அதைப் பார்ப்போம்."

ஓரத்தில் இருந்தது ஒற்றைக் கோல் மெஷின். குழாயைத் தானே சுற்றிக்கொள்ளும் மோட்டார் உருளை அதில் இருந்தது. கையடக்கமான ஒரு ஸ்விட்ச்சை இடுப்பில் மாட்டிக்கொண்டால் மாடியில் நின்றபடியே கீழே வேனில் ஓடும் மெஷினை நிறுத்தலாம், ஓட்டலாம். சின்னவர் மூளை கிடுகிடுவென்று வேலை செய்தது. இதை ஒரே ஆள் நடத்தலாம். பெரியவரே தனியாக நடத்தலாம். அப்படியானால் தான் விலகுவது துரோகம் ஆகாது! அடேயப்பா, என்ன புத்திசாலித்தனம். தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்காத குறை.

பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு ஆளா? குழாயை யார்ப்பா பிடிக்கறது?"

அவர் கேட்டது நியாயம். இத்தனை வருஷமும் ஒருவர் உள்ளே தேய்ப்பார், மற்றவர் படிக்கட்டுத் திருப்பத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சுவர் வண்ணம் உராயாமல். மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. அதனால் குழாயையே சுண்டிப் பேசுவார்கள். ஒரு சுண்டு என்றால் விடு, இரண்டு என்றால் நிறுத்து. மூன்று சுண்டினால் வீட்டுக்காரர் வருகிறார், வாயை மூடு என்று அர்த்தம். இது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பாஷை.

"சுவத்து மூலையில ஒரு உருளையை மாட்டிட்டா குழாய் தானா வழுக்கிட்டு வரும்ண்ணே. நிறுத்தறதுக்கு இடுப்புல ஸ்விட்ச். ஆளே வேண்டாம்."

"நெஜமாவா? தனியா ஒருத்தன் சமாளிச்சுடுவானா? என் மேல சத்தியமா சொல்லு."

இவ்வளவு பிடிவாதமாக ஏன் கேட்கிறார் என்று சின்னவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசித்தால்தானே! காரியம் கைகூடுகிற அவசரம் அவருக்கு. "சத்தியம் எதுக்குண்ணே, செஞ்சே காட்டறேன்," என்று சட்டைக் கையை மடித்தார்.

கொட்டகையின் மறுகோடியில் சோதனைக்கென்று அழுக்கு கார்ப்பெட் ஒன்று விரித்திருந்தார்கள். டீயும் சேறும் இங்க்கும் கொட்டிக் கொட்டிக் காய்ந்துபோன கார்ப்பெட். சின்னவர் தன்னந்தனியாகக் குழாயை இழுத்துக்கொண்டு போனார். மூலையில் உருளையை மாட்டினார். இடுப்பு ஸ்விட்ச்சைத் தட்டினார், மெஷின் உறுமியது. மருந்தை ஒரு வீச்சில் தெளித்தார். கறை பிடித்த இடத்தில் முட்டி போட்டு விரலால் தேய்த்துப் பதம் பார்த்தார். பிறகு கோலை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, ஒரு பட்டையின் விளிம்பில் அடுத்த பட்டை ஏறுகிற மாதிரி அப்படியே நகர்ந்தார். கறை கரைந்து போனது. கடைசியில் பொத்தானை அமுக்க, குழாய் சரசரவென்று தானே சுருண்டு போய் மோட்டார் உருளையில் உட்கார்ந்தது. யாரும் தொடவில்லை.

கடைக்காரரே கை தட்டிவிட்டார். "சார், நீங்க எங்க கடைக்கே வேலைக்கு வந்துடுங்க!"

பெரியவர் கை தட்டவில்லை. காய்ந்தும் காயாமலும் இருந்த அந்த கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மருந்து வாடை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று சின்னவர் நினைத்தார். அந்த மகானுக்கு வேறென்ன தோன்றும்?

"இதையே மாட்டிடுங்க," என்றார் பெரியவர். "பழைய மெஷினையும் நீங்களே எடுத்துக்குங்க." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சின்னவர் கை கழுவப் போனார். குழாயடியில் நின்றபடி சொல்ல வேண்டியதை ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டார். 'அண்ணே, இனிமே உங்களுக்கு நான் தேவையே இல்லண்ணே.' சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மனசு லேசாக இருந்தது. மகள் ஓடி வந்து கட்டிக்கொள்வதைக்கூட ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அவர்கள் வேனின் தரையில் மெக்கானிக் துளைபோட ஆரம்பித்திருந்தார். இரும்பு இரும்பை அறுக்கிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"நானும் ஒண்ணு சொல்லணும்ண்ணே."

"நான் முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா தைரியம் போயிடும்." பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்குத்தான் ரெட்டைப் புள்ளைங்களாச்சே. மாப்பிள்ளை கப்பலுக்குப் போனா வர மாசக்கணக்காவுது. அந்த ஊர்ல தனியா கெடந்து அல்லாடுறா. வந்து எங்ககூடவே இருங்கன்னு ஆறு மாசமா கூப்பிடுறா. வீட்ல தினம் அழுகை. நான்தான் முடியாதுன்னு பிடிவாதமா இருந்தேன். உங்க வீட்டுக்கு இது போகக் கூடாதுன்னும் சொல்லி வச்சிருந்தேன்."

"ஏண்ணே?"

"ஏனா? உன்னை நடுத்தெருவுல விட்டுட்டு எப்படிப்பா போறது? அதுக்குத்தான் ரெண்டு கோல் மெஷினை வாங்கி, உனக்கு ஒரு நல்ல ஆளைச் சேர்த்துவிட்டு, அவன் பழகற வரைக்கும் இருந்துட்டு அப்புறம் கிளம்பலாம்னு பார்த்தேன். அது ஒரு வருஷமாவுமோ ரெண்டு வருஷமாவுமோ. ஆனா நீ இன்னைக்குத் தனியா நின்னு செஞ்சு காட்டினே பாரு... என் வயித்துல பாலை வார்த்தேப்பா."

துளைபோடும் சத்தம் நின்றது. மெக்கானிக் அடுத்த ஓட்டைக்கு இடம் குறித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"ஹோட்டல் மேனேஜருக்கு இப்பத்தான் போன் பண்ணினேன். இனிமே எல்லாம் என் சகலைதான், அவர் ஒருத்தரே போதும்னு சொல்லிட்டேன். வீட்லயும் சொல்லிட்டேன். ஓன்னு அழுதுட்டா, சந்தோஷத்துல. கம்பெனி, வேன், மெஷின் எல்லாம் உனக்குத்தான். எனக்கு ஒரு துரும்பு வேண்டாம்." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, நீ என்னமோ சொல்லணும்னியே?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்னவர் சத்தியத்துக்குப் பதிலாகச் செய்முறை விளக்கமே கொடுத்து அல்லவா வைத்துக்கொண்டார்! இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பெரியவர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "அப்படியா, நீ போப்பா, நான் பார்த்துக்கறேன்," என்பார். மகளுக்குப் போன் செய்து வரவில்லை என்பார். அதே போனில் அவர் மனைவி மறுபடியும் அழுவாள். போகச் சொல்லிவிட்டுத் தங்கிவிடுகிற மனுஷன் அவர். அவரைப் போய் என்ன செய்வது? திட்டக்கூட முடியவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே," என்றார் சின்னவர். "புள்ளைங்க படம் புதுசா ஏதாவது வந்திருக்கான்னு கேட்கலாம்னு..."

பெரியவர் உற்சாகமாகப் போனைத் திறந்து படம் காட்ட ஆரம்பித்தார். இரண்டு குட்டி முகங்கள், இரண்டும் ஒரே மாதிரி கத்திக்கொண்டிருந்தன. அப்போது சின்னவர் பையில் போன் அடித்தது. மனைவி. அவர் எழுந்து நாலு அடி தள்ளிப் போனார்.

"அக்கா இப்பத்தான் பேசினா," என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. "நீங்க சொல்லலையா?"

"இல்ல."



"பஸ் ஆபீஸ் மூடப் போறாங்க," என்றாள்.

"தெரியும். நீயே பேசிடு."

"என்னன்னு பேசறது?"

சின்னவர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் இன்னும் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைச் சின்னவர் பார்த்ததில்லை.

"வர முடியலைன்னு சொல்லிடு," என்று போனை வைத்தார்.

பெரியவர் நிமிர்ந்தார். "யாரு, வீட்லயா? விஷயம் தெரிஞ்சுடுச்சா? சந்தோஷம்தானே?"

"ரொம்ப சந்தோஷம்ண்ணே," என்றார் சின்னவர். வேனுக்குள்ளிருந்து மெக்கானிக், மெஷினைப் பழகிக்கொள்ளப் போகிற ஆள் யார், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். சின்னவர் போய் வேனுக்குள் ஏறினார்.