சீதேவிக்குக் கட்டப் போன நூல்

எனக்குப் பொறாமைதான். அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது? ஊரில் ஒருத்திக்கு மச்சாள் மேல் பொறாமை, இன்னொருத்திக்குப் பக்கத்து வீட்டுக்காரி கட்டிய மதில் மேல் பொறாமை. எனக்கு ஒரு குதிரை மேல் பொறாமை. அதுவும் கிழட்டுக் குதிரை.

அதன் பெயர் சீதேவி. நுவரெலியாவில் பந்தயம் ஓடிக் களைத்துப் போனதை யாரோ லொறியில் ஏற்றி மட்டக்களப்புப் பக்கம் எங்கள் பனிச்சங்கேணிக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வாவிக் கரையில் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் நடக்கிறது. சனிக்கிழமைகளில் பந்தடிப்பார்கள், கரைச் சேற்றில் கண்டல் கன்று நடுவார்கள், குதிரை ஏறுவார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க மாட்டார்கள். கால் ஏலாத பிள்ளை, தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிற பிள்ளை, தாய் வெளிநாட்டுக்குப் போன பிள்ளை, இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இடம். என் மகள் விதுர்ஷா அந்தக் கடைசி வகையில் சேர்ந்தவள். நான் குவைத்திலிருந்து வந்து சேர்ந்த பிறகும் அவள் அந்த வகையிலேயேதான் இருந்தாள்.

வீட்டில் அவளிடம் மூன்று பேச்சுத்தான். ஓம், இல்ல, பசிக்கல்ல. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழும்பிப் போய்விடுவாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தலையைத் தொட விடமாட்டாள், அதுதான் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற காலைகளில் சீப்பையும் றிபனையும் எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக்கு ஓடி, என் அக்கா இரத்தினம்மாவிடம் தலையைக் கொடுப்பாள். சரி, என் கூடப் பிறந்தவள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குவைத்தில் நான் வேலை பார்த்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். சுருட்டை முடி, சீப்பு உள்ளே போனால் வெளியே வராது. விடிந்தால் அந்த இரண்டு தலையையும் சிக்கெடுத்துச் சீவிப் பின்னிவிட்டது இந்தக் கைதான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்துதான் இருந்தாள், நல்ல உயரம். என்னிடம் ஒட்டாமல் வளர்ந்திருந்தாள்.

வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை அவளோடு நிலையத்துக்குப் போனேன். கிடுகுக் கொட்டிலுக்குள் அந்தக் குதிரை நின்றது. என் மகள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று அதன் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவச் சீவ அதன் காதுக்குள் என்னவோ கதைத்தாள். ஒரு சொல், இரண்டு சொல் இல்லை, வாய் ஓயாமல் கதைத்தாள். சிரித்தாள். பிறகு அந்த முடியைப் பிரித்துப் பின்னல் போட்டாள். நான் கிட்டப் போனதும் வாயை மூடிக்கொண்டாள்.

நிலையத்தில் குதிரைகளைப் பார்க்கிறவள் ஓட்டமாவடியைச் சேர்ந்த இன்ஷிரா. பிள்ளைகள் மிஸ் என்பார்கள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"உங்கட மகள் வந்த நேரம் ஒருத்தரோடயும் கதைக்கல்ல. இப்ப பாருங்க. சீதேவிக்கும் அவ எண்டா உசிர்" என்றாள்.

எனக்கும் அவள் உயிர்தான் என்று சொல்ல வாய் வந்தது. குதிரைக்குப் போட்டியாக அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் காதில் போட்டேன். அவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன செய்யலாம்? நீயும் நாலு காலில நிண்டு பாரன்" என்றார். சுதாகரன் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அறிவையும் வைத்திருக்கலாம்.

குவைத்திலிருந்து நான் வண்ணத்திப்பூச்சிக் கிளிப்புகள் கொண்டுவந்திருந்தேன். பளபளவென்று, செட்டை ஆடுகிற மாதிரி. அங்கே கடையில் நின்று நிறம் நிறமாகப் பொறுக்கியது. விதுர்ஷா வாங்கிக்கொண்டாள், போடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறாள் போலும் என்று நினைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அத்தனையும் சீதேவியின் பிடரியில். அது தலையை ஆட்ட வண்ணத்திப்பூச்சிகளும் ஆடின. சீதேவியாம் சீதேவி, மூதேவி!

இதற்கிடையில் ஏஜென்சிக்காரனும் ஒரு நாள் வந்தான். அதே குவைத் வீட்டுக்காரர்கள் என்னை மறுபடி கேட்கிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குசினிக்குள் அடுப்படியில் இருந்த விதுர்ஷா அன்றைக்குச் சோறும் தின்னாமல் படுத்தாள். அதற்குப் பிறகு அந்த மூன்று பேச்சும் நின்றுபோனது. எல்லாம் அந்தக் குதிரை செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன்.

மட்டக்களப்பான் பாயோடு ஒட்ட வைப்பான் என்று வெளியூரார் நம்மைச் சும்மா சொல்லவில்லை. இங்கே மனுசரை மனுசர் மந்திரம் போட்டுக் கட்டுவது புதினமில்லை. ஆனால் குதிரை கட்டுமா? கட்டும் என்று முடிவெடுத்தேன். என் கண்ணாலேயே பார்த்தேனே. அது போட்ட கட்டை வெட்டத்தான் வேண்டும். சித்தாண்டிப் பக்கம் நூல் மந்திரித்து ஓதிக் கொடுக்கிற கட்டாடியார் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

"ஆர் கட்டினது?" என்று கேட்டார் கட்டாடியார்.

"சீதேவி."

"தாய்ட பேர்?"

"தெரியாது."

"ஊர்?"

"நுவரெலியா."

"அங்க எப்பிடி உங்களுக்குப் பகை?"

"அது குதிரை, ஐயா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "குதிரைக்கும் ஒரு தாய் இருக்கும்தானே, பரவால்ல" என்று சொல்லி, மஞ்சள் பூசிய நூலை எடுத்து முணுமுணுத்து முடிச்சுகள் போட்டார். அதைக் குதிரையின் பிடரி முடியில் கட்ட வேண்டும். விடிய நூலைக் கையில் எடுத்த நேரம் தொட்டுக் கட்டி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் விழுந்தாலும் நூல் செத்துப்போகும்.

"ஒரு சொல்லும் விழக்கூடா. ஏலுமா உங்களுக்கு?" என்று கேட்டார். என்னைப் பார்த்த மட்டில் என்ன தெரிந்ததோ.

அந்தச் சனிக்கிழமை போல எங்கள் வீட்டில் ஒரு காலை விடிந்ததில்லை. தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தேன், பேசவில்லை. "என்னகா, வாயில புண்ணா?" என்று கேட்டார். தலையாட்டினேன். மனுசனுக்கு எவ்வளவு சந்தோசம்! விசிலடித்துக்கொண்டு தோணிக்குப் போனார்.

வழக்கமாக நிலையத்துக்குப் போகிற வழி முழுக்க நான்தான் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் ஆர் கூட்டாளி? அம்மா சமைக்கிறது நல்லமா, பெரியம்மா சமைக்கிறது நல்லமா? அம்மாவில விருப்பமா? அவள் முன்னால் நடந்துகொண்டே இருப்பாள். அன்றைக்கு நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாயை இறுக்கி மூடி நடந்தேன். பாலத்தடியில் அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.

நாங்கள் போனபோது இன்ஷிரா மற்றப் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிற இடத்தில் நின்றாள். விதுர்ஷா சீப்புக் கூடையை எடுக்க உள்ளே போனாள். கொட்டிலில் நானும் சீதேவியும்தான். அதன் வாய்ப்பக்கம் போகப் பயம், கடித்துவிடுமோ என்று. பின்பக்கமாக, பூனை போலச் சத்தமில்லாமல் போனேன்.

குதிரையிடம் அப்படிப் போகக் கூடாது என்று எனக்கு யார் சொன்னது? மாட்டோடு வளர்ந்தவள் நான். ஹேய் என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தாலும் போதும், அது திரும்பிப் பார்த்திருக்கும். சத்தம் கொடுத்தால் நூல் செத்துவிடுமே! வாலுக்குக் கிட்டப் போனதும் அது துள்ளி ஒரு உதை விட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த வாளி பறந்து வேலியில் அடித்தது.

"அம்மா! பின்னால நிக்காதீங்க! இங்கால வாங்க, இங்கால!"

கூடையைப் போட்டுவிட்டு விதுர்ஷா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் நான் குதிரையின் தோளடியில் போய் விழுந்தேன். அவள் ஒரு கையால் அதன் கழுத்தைத் தடவினாள், மறு கையால் என்னைப் பிடித்திருந்தாள். நான் வந்த நாள் தொட்டு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல்.

"சத்தம் குடுத்துத்தான் கிட்டப் போகோணும். இல்லாட்டி அது பயந்திரும். பயந்திட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"கதைக்க ஏலாமக் கிடக்கா?"

அதற்கும் தலையாட்டினேன். அது பொய்யில்லை.

பறந்த வாளியை எடுத்துவந்து கவிழ்த்து என்னை உட்காரவைத்தாள். சீப்பை எடுத்து, இன்னொரு வாளியில் ஏறித் தன் பாட்டில் குதிரையைச் சீவத் தொடங்கினாள். எழும்பிக் கை நீட்டினால் பிடரி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் மறுபக்கம் திரும்பினால் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். நூலை விரலில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இவக்கு இண்டைக்குக் கதைக்க ஏலாதாம், சீதேவி" என்றாள். என்னிடம் இல்லை, குதிரையிடம். "உன்னப்போலதான் இருக்கா. நல்லா இருக்கு."

சீப்பு மேலும் கீழும் போனது.

"நாஞ்சொன்னன்தானே, இவ மறுகாவும் போயிருவா எண்டு. ஏஜென்சிக்காரன் வந்திட்டான். முதல் போன அண்டைக்கும் அப்பிடித்தான். விடிய எழுப்பித் தலை சீவினவ. கன நாளைக்கு நிக்கோணும் எண்டு நல்லா இறுக்கி ரெட்டைப் பின்னல் போட்டவ. போட்டு முடிச்சிட்டு வான்ல ஏறிப் போயிற்றா. நான் அந்தப் பின்னல ஒருத்தரையும் அவுக்க விடல்ல. தலையெல்லாம் புண். அதுதான் இப்ப சீப்போட வந்தா ஓடுறன். பின்னி முடிஞ்சாத்தானே போவா."

என்னை ஒரு தரமும் பார்க்காமல் சொல்லி முடித்து, சீதேவிக்குப் பின்னல் போடுவதற்காக முடியைப் பிரித்தாள்.

நான் அவளுக்கு அழகு பார்க்கச் சீப்போடு திரிந்தேன். அவளோ ஒவ்வொரு காலையும் என்னை வழியனுப்பாமல் தடுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் நூல் செத்துப்போகும் என்பது நினைவில் இருந்தது. போகாவிட்டால் குவைத் காசும் இல்லை, அதுவும் நினைவில் இருந்தது.

"போகமாட்டன்" என்றேன்.

பிள்ளை விறைத்துப்போய் நின்றாள். நூல் என் கையிலிருந்து வைக்கோலுக்குள் விழுந்தது. நான் தேடவில்லை.

"உங்களுக்குக் கதைக்க ஏலுமா?"

"ஏலும். போகமாட்டன், மகள்."

"ஏஜென்சிக்காரன்?"

"இண்டைக்கே போன் எடுத்துச் சொல்றன். உனக்கு முன்னாலயே எடுக்கிறன்."

இன்ஷிரா எங்கோ விசில் ஊதினாள், பிள்ளைகள் கத்தினார்கள். விதுர்ஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பலாமா, விடலாமா என்று கணக்குப் போட்டாள். குதிரையின் உதைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

பிறகு முந்தின நாள் அக்கா போட்டுவிட்ட பின்னலைத் தானே அவிழ்த்தாள். எனக்கு முதுகைக் காட்டி வைக்கோலில் உட்கார்ந்து, கையிலிருந்த சீப்பைப் பின்னால் நீட்டினாள்.

"சீவி மட்டும் விடுங்க" என்றாள். "பின்ன வேணாம்."

குதிரைச் சீப்புத்தான். அதன் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு உச்சியிலிருந்து மெதுவாகச் சீவினேன். சீதேவி தலையைத் திருப்பிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று, சிக்கெல்லாம் போன பிறகும் சீவிக்கொண்டே இருந்தேன்.